தாள் இலக்கம் 14 முதல் 25 வரை

கடிதத்தோடு வந்து சேரும் மாதிரிப் பொருள் எதையும் கோப்பில் கோர்க்கக் கூடாது. அதை ஓர் உறையில் இட்டு, உறையின் மேல் கோப்பு இலக்கத்தை எழுதி, இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். பொருள் அங்கே இருக்கிறது என்ற குறிப்பை மட்டும் கோப்பில் சேர்க்க வேண்டும். நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரின், அதாவது அலுவலகத்தின், பதிவறைக் கையேடு இதை அரைப் பக்கத்தில், யாருக்கும் விளங்கக்கூடிய ஆங்கிலத்தில் சொல்லியிருந்தது. 1976ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அந்த விதி மீறப்பட்டது. மீறியவரைக் கண்டுபிடிக்க விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. நான்தான் மீறினேன்.

கொழும்பில் ஆறு வருடம் அரசாங்க இலிகிதராக இருந்துவிட்டுக் கணவரோடு சிட்னிக்கு வந்தவள் நான். பரமட்டாவில், பள்ளிக்கூடங்கள் சம்பந்தமான ஒரு கந்தோரின் பதிவறையில் எனக்கு வேலை கிடைத்தது. வேலை நிரந்தரமாக இன்னும் சில மாதங்கள் இருந்தன. வந்த முதல் வாரத்திலேயே கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை வாசித்தேன். அந்தக் கட்டிடத்தில் அப்படி வாசித்த இன்னொருவரை நான் கடைசிவரை சந்திக்கவில்லை. ஆனால் மூளை வாசித்ததைக் கை வாசிப்பதில்லை. கொழும்பில் என் கைக்குப் பழக்கியிருந்தது ஒன்றே ஒன்று: கோர்க்காத தாள் காணாமல் போகும், ஆகவே மேசைக்கு வந்த எதையும் இடது மேல்மூலையில் துளைத்து நாடாவில் கோர்த்துவிடு. இந்தப் பழக்கத்தால் கொழும்பில் எத்தனையோ பேருடைய ஓய்வூதியத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்.

எங்கள் வீடு வென்ட்வேர்த்வில்லில் இருந்தது. அடுத்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு பலகை வேலி. அந்த வீட்டில் ஜப்பானில் பிறந்த ஒரு பெண்மணி இருந்தார். யுத்தம் முடிந்து அங்கே நிலைகொண்டிருந்த ஓர் ஆஸ்திரேலியச் சிப்பாயை மணந்து ஐம்பதுகளில் கப்பலேறி வந்தவர். நாங்கள் வீட்டுக்குள் அவரை ஜப்பான் அக்கா என்போம். ஒரு சலவைக்கடையில் ஆண்களின் சட்டைகளை இஸ்திரி போட்டு மடிப்பது அவர் வேலை. மடித்த சட்டை நிமிர்ந்து நிற்க உள்ளே ஒரு வெள்ளை மட்டை வைப்பார்களே, அந்த மட்டைகளில் மூலை நசுங்கியவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவற்றில் படம் வரைவார்.

காமிஷிபாய் என்ற சொல்லை முதன்முதலில் அந்த வேலியருகில்தான் கேட்டேன். காகித நாடகம் என்று பொருள் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது கதைக்காரர் ஒருவர் சைக்கிளில் தெருவுக்கு வருவாராம். சைக்கிளின் பின்னால் மேடை போல ஒரு மரச்சட்டம், அதற்குள் அடுக்கிய படங்கள். இரண்டு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பிள்ளைகளைக் கூப்பிடுவார். முதலில் இனிப்பு விற்பார், பிறகுதான் கதை. இனிப்பு வாங்கிய பிள்ளைக்கு முன்வரிசை, வாங்காத பிள்ளை பின்னால் நிற்க வேண்டும்.

“நீங்கள் எங்கே?” என்று கேட்டேன்.

“எப்பவும் பின்னுக்கு. அதாலதான் எனக்கு உயரமான ஆக்களின்ர முதுகும் நல்லா வரைய வரும்” என்றார்.

இந்தப் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. நான்தான் இங்கே எல்லோரையும் யாழ்ப்பாணத்தாராக்கி எழுதுகிறேன். அதற்கு அனுமதி தேவை என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

அவர் சட்டை மட்டைகளில் வரைந்திருந்தது அவருடைய ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாட்டார் கதை. ஏழைக் கிழவனும் கிழவியும் வைக்கோல் தொப்பி முடைகிறார்கள். புதுவருடத்துக்கு முதல்நாள் கிழவன் அவற்றைச் சந்தைக்குக் கொண்டுபோகிறான். ஒருவரும் வாங்கவில்லை. திரும்பும் வழியில் கொட்டும் பனியில் ஆறு சிறிய கற்சிலைகள், பிள்ளைகளையும் வழிப்போக்கரையும் காக்கும் சாமிகள், மொட்டைத் தலையோடு நிற்கின்றன. கிழவன் பனியைத் தட்டிவிட்டு ஒவ்வொரு சிலைக்கும் ஒரு தொப்பியாகக் கட்டிவிடுகிறான். இருப்பது ஐந்து தொப்பி. ஆறாவது சிலைக்குத் தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு வெறுந்தலையோடு வீட்டுக்கு வருகிறான். கிழவி ஒரு சொல்லும் ஏசவில்லை. விடிவதற்குள் சிலைகள் ஆறும் அரிசியும் மீனும் இழுத்துக்கொண்டு அவர்களுடைய வாசலுக்கு வந்துவிடுகின்றன. விண்ணப்பமே கொடுக்காத ஒருவருக்கு அவ்வளவு விரைவாகப் பதில் கிடைத்த வேறு சம்பவம் எதையும் நான் அறியேன்.

மட்டைகள் பன்னிரண்டு. அவற்றில் ஒரு சூட்சுமம் உண்டு. கதை சொல்பவர் சட்டத்தின் பின்னால் நிற்கிறார். பார்ப்பவர்களுக்குத் தெரிவது முதல் மட்டையின் முகம். சொல்பவருக்குத் தெரிவது கடைசி மட்டையின் முதுகு. ஆகவே முதல் படத்துக்கான வசனம் கடைசி மட்டையின் முதுகில் இருக்கும். முதல் மட்டையை உருவிப் பின்னால் செருகியதும் அதன் முதுகு சொல்பவரின் கண்ணுக்கு வரும். அதில் இருப்பது இரண்டாவது படத்துக்கான வசனம். இப்படியே போகும். எந்த மட்டையின் முதுகும் அதே மட்டையின் முகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் சொல்லச் சொல்ல ஆங்கில வசனத்தை நான்தான் தட்டச்சில் அடித்துக் கொடுத்தேன். அவர் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார். இது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதைச் சொல்லிவைக்கிறேன், பின்னால் நான் செய்ததற்குச் சாக்கு ஒன்றும் மிஞ்சக்கூடாது என்பதற்காக.

அவருடைய கடைசி மகள் படித்த ஆரம்பப் பள்ளியில் ஒருநாள் அவரைக் கதை சொல்லக் கூப்பிட்டார்கள். சொன்னார். பிள்ளைகள் இரண்டாம் தரமும் கேட்டார்களாம். அடுத்த வாரம் ஒரு தகப்பனிடமிருந்து கடிதம் வந்தது: ஜப்பான்காரியை வகுப்புக்குள் விட்டது யார்? தலைமையாசிரியை கெட்டவர் அல்லர், துணிந்தவரும் அல்லர். கல்வித் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வந்தால் திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

“விடுங்கோ” என்றார் என் கணவர், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று. “எங்கட வீட்டு முற்றத்தில வைச்சுச் சொல்லுங்கோ. கேக்க நாங்கள் இருக்கிறம்.”

“முற்றத்தில சொல்லலாம்” என்றார் ஜப்பான் அக்கா. “இந்த ஊருக்கு வந்து இருபத்துமூண்டு வருசம். மூண்டு பிள்ளையளைப் படிக்க விட்டிருக்கிறன். நான் போனது பள்ளிக்கூட வாசல் கேற் வரைக்கும். அண்டைக்குத்தான் உள்ளுக்குக் கூப்பிட்டவை. திரும்பவும் உள்ளுக்குப் போக வேணும். ஒளிச்சுப் போகேலாது. கடிதத்தோட.”

கடிதம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் நிமிர்ந்துவிட்டேன். வெளியார் பாடசாலையில் நிகழ்ச்சி நடத்த எந்தப் படிவம், எத்தனை பிரதி, யாருடைய கையொப்பம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த ஒரு பாடசாலைக்கு மட்டும் அனுமதி கேட்டு விண்ணப்பத்தை நானே தயாரித்தேன். மாதிரி இணைக்க வேண்டும் என்று படிவம் சொன்னது. அவர் பன்னிரண்டு மட்டைகளையும் சலவைக்கடைத் தாளில் பொதிந்து, மேலே எப்படிப் பார்ப்பது என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்துத் தபாலில் அனுப்பினார். கையில் தந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். விண்ணப்பம் தபாலில்தான் வர வேண்டும்.

இரண்டு நாளில் அந்தப் பொதி என் மேசைக்கே வந்தது. எனக்கு ஒரே பயம்: பொதியைப் பிரித்து எவராவது எங்கேயாவது வைத்துவிட்டால்? ஒரு மட்டை தொலைந்தால்? துளைக்கும் கருவியை எடுத்தேன். பன்னிரண்டு மட்டைகளையும் ஒவ்வொன்றாக, மிகுந்த பாசத்தோடு, இடது மேல்மூலையில் துளைத்தேன். நாடாவில் கோர்த்து இலக்கமிட்டேன். குறிப்பு, தாள் 13. மட்டைகள், தாள் 14 முதல் 25 வரை. கோப்பில் முதலில் வந்தது அடியிலும் கடைசியில் வந்தது மேலேயும் இருக்கும். ஆகவே குறிப்பு எல்லாவற்றுக்கும் அடியில் போயிற்று. கதை வாலிலிருந்து தொடங்கியது. வேலையை முடித்துவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

ஆறு வாரம் கழித்துக் கோப்பு மதிப்பீட்டு அலுவலரிடமிருந்து திரும்பி வந்தது. பள்ளிகளுக்கு எது உகந்தது என்று முடிவு செய்பவர் அவர். உயரமான, வாழ்நாளில் எதற்கும் அவசரப்படாத மனிதர். ஓய்வு பெற அதிக காலம் இருக்கவில்லை. அவர் எழுதியிருந்த குறிப்பு இது: “தாள் 14: படத்தில் முதியவர்கள் தொப்பி முடைகிறார்கள், பின்பக்க உரை சந்தையைப் பற்றியது. தாள் 18: படத்தில் வெறுந்தலையோடு சிலைகள், பின்பக்க உரை அவை தொப்பி அணிந்திருப்பதாகச் சொல்கிறது. படமும் உரையும் எங்கும் பொருந்தவில்லை. கவனக்குறைவான தயாரிப்பு. பரிந்துரைக்கவில்லை.”

ஒரு தாளின் முதுகு அந்தத் தாளுக்கே சொந்தம் என்பது கந்தோர்களின் மதம். அவர் தாள் தாளாக, முகமும் முதுகுமாக, மிக ஒழுங்காக வாசித்திருந்தார். அப்படி வாசிக்கும்படி செய்து கொடுத்தவள் நான்.

நிராகரிப்புக் கடிதம் ஜப்பான் அக்காவின் கைக்குக் கிடைக்கும்வரை காத்திருந்தேன். அதற்கு முன் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அந்தச் சனிக்கிழமை அவர் உடுப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வேலியருகே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஓட்டை எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“இடது பக்கம், மேல்மூலை. பன்னிரண்டிலும்.”

கண்ணை மூடி ஒவ்வொரு படமாக நினைத்துப் பார்த்தார். “அந்த மூலை எல்லாம் வானம். பனி பெய்யிற வானம். பரவாயில்லை” என்றார். பிறகு கண்ணைத் திறந்தார். “முதலாவதில மட்டும் கிழவியின்ர தலை.”

அதற்குப் பிறகு மூன்று நாள் வேலிப்பக்கம் வரவில்லை.

நான்காம் நாள் நானே போனேன், கையேட்டின் ஒரு பந்தியைப் பிரதி பண்ணிக்கொண்டு. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பதாரர் இருபத்தெட்டு நாளுக்குள் நேர்முகப் பரிசீலனை கோரலாம். அந்தப் பந்தியை அதுவரை எவரும் பயன்படுத்தியதற்கான தடயம் இல்லை.

“அவர் கதையைப் பார்க்கயில்லை. தாளைத்தான் பார்த்தவர்” என்றேன். “நீங்கள் வந்து காட்டுங்கோ.”

“அந்தப் பெரிய கட்டிடத்துக்குள்ளையோ?”

“ஓம். முன்வாசலால.”

கந்தோரில் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. கோப்பில் நான் ஒரு குறிப்பு எழுதினேன்: தாள் 14 முதல் 25 வரை கையேட்டுக்கு மாறாக என்னால் கோர்க்கப்பட்டவை, மதிப்பீட்டில் ஏற்பட்ட குழப்பத்துக்குக் காரணம் விண்ணப்பதாரர் அல்லர், அவர் என் அயலவர் என்பதையும் அறியத் தருகிறேன். கையொப்பம், திகதி. பதிவறை மூத்த இலிகிதர், நல்ல மனம் படைத்த, சிகரெட் மணக்கும் ஆஸ்திரேலிய அம்மாள், தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார்.

“இஞ்ச பார், லவ். உனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகேல்லை. உன்ர தலையில நீயே ஏன் மண் அள்ளிப் போடுறாய்? ஆரும் கேட்டவையோ?”

“கேட்காட்டியும் கோப்பில உண்மை இருக்க வேணும்.”

“கடவுளே, உங்கட ஊரில எல்லாரும் இப்படியோ?”

“இல்லை. அதாலதான் நான் இஞ்ச இருக்கிறன்.”

முப்பத்தொரு வருடச் சேவையில் நான் எழுதிய குறிப்புகளில் அதைவிடச் சிறந்தது ஒன்றில்லை. அதை இன்றும் சொல்லுக்குச் சொல் ஒப்பிப்பேன்.

நேர்முகப் பரிசீலனை அக்டோபரில் ஒரு காலை, பதினொரு மணிக்கு. ஒரு முடிவில் மேற்கோள் காட்டப்பட்ட தாளைக் கோப்பிலிருந்து நிரந்தரமாக எடுக்க முடியாது. ஆனால் பதிவறை ஊழியர் ஒருவர் முன்னிலையில் ஒரு மணி நேரத்துக்குக் கழற்றலாம். அந்த ஊழியர் நான். பெயரைப் போட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போனேன். ஜப்பான் அக்கா சாம்பல் நிறக் கோட்டும் தொப்பியும் அணிந்து, தன் கணவர் பழைய ஜன்னல் பலகையில் செய்து கொடுத்த மரச்சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நாடாவை அவிழ்த்து மட்டைகளைக் கொடுத்தேன். முதல் மட்டையில் கிழவியின் நெற்றியில் இருந்த துளையை விரலால் ஒருமுறை தடவினார். எழுந்து நின்று கொண்டுவந்திருந்த இரண்டு மரக்கட்டைகளைத் தட்டினார்.

அந்தக் கட்டிடத்தில் அதற்கு முன் அப்படியொரு சத்தம் கேட்டிருக்காது. நடைவழியில் கதவுகள் திறந்தன. தட்டச்சுப் பெண்கள் வந்தார்கள், கணக்குப் பிரிவு வந்தது, தேநீர் வண்டி தள்ளும் அம்மாள் வண்டியோடு வந்தார். ஜப்பான் அக்கா பையைத் திறந்து, ஈயத்தாளில் சுற்றிய ரொபி இனிப்புகளை எடுத்து எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கினார். கடைசியாக மதிப்பீட்டு அலுவலரிடம் ஒன்றை நீட்டினார். அவர் கையை நீட்டிவிட்டார்.

“மன்னிக்க வேணும் ஐயா” என்றேன். “விண்ணப்பதாரரிட்ட இருந்து முடிவெடுக்கிற அலுவலர் எதையும் வாங்கக் கூடாது.”

அவர் கையை மடக்கிக்கொண்டார். “ஒரு ரொபி கூடவோ?”

“அளவு குறிப்பிடேல்லை ஐயா.”

“ரொபி இல்லாத ஆள் பின்னுக்கு நிக்க வேணும்” என்றார் ஜப்பான் அக்கா, மிகப் பணிவாக. “அது எங்கட விதி.”

அறை சிரித்து ஓய்ந்தபோது, அந்த உயரமான மனிதர் தட்டச்சுப் பெண்களுக்குப் பின்னால், தேநீர் வண்டியருகே, சுவரோடு ஒட்டி நின்றார். இரண்டு நாட்டின் விதிகளும் ஒரே மனிதரை ஒரே இடத்தில் நிறுத்தியதை நான் அன்று மட்டும்தான் பார்த்தேன்.

கதை தொடங்கியது. ஜப்பான் அக்காவின் அன்றாட ஆங்கிலம் தயங்கித் தயங்கி வரும். கதைக்குள் புகுந்ததும் அந்தத் தயக்கமே கிழவனின் குரலாகிவிட்டது. சந்தை இரைந்தது. பனி விழும்போது மட்டையை அவர் மெல்ல நடுங்க வைத்தார். ஆறு சிலைகளும் வெறுந்தலையோடு நின்ற ஐந்தாவது படத்துக்கு வந்தோம். அதை ஒரே இழுப்பாக உருவவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க, பின்னாலிருந்த படத்தில் தொப்பி அணிந்த சிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. அங்கே கை நின்றது. கிழவனின் கூடை வெறுமை என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அந்த மௌனம் எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் யாரும் நம்பமாட்டார்கள்.

“அப்ப ஆறாவதுக்கு?”

பின்னாலிருந்து வந்த குரல் அது. தட்டச்சுப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதிப்பீட்டு அலுவலர் தன் வாயிலிருந்து வந்தது தன் கேள்விதானா என்பதுபோல நின்றார்.

ஜப்பான் அக்கா அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மட்டையை முழுவதும் இழுத்தார். நீலத் துண்டு கட்டிய ஆறாவது சிலை வெளியே வந்தது. நான் குறிப்பேட்டில் எழுதினேன்: “காலை 11.20: ஆறாவது சிலை குறித்து மதிப்பீட்டு அலுவலர் விளக்கம் கோரினார், விளக்கம் அளிக்கப்பட்டது.” அந்த வரியையும் நான் ஒப்பிப்பேன்.

கதை முடிந்ததும் மதிப்பீட்டு அலுவலர் முன்னால் வந்தார். மட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதின்ர வசனம் இதில இல்லை” என்றார்.

“இல்லை. முன்னால போனது சொல்லும்” என்றார் ஜப்பான் அக்கா.

“எனக்கு அதை ஆரும் சொல்லேல்லை.”

“தாள் 13, ஐயா” என்றேன். “அடியில இருக்கு. அங்க வைச்சது நான்.”

என்னை ஒருமுறை பார்த்தார். நாற்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்த ஒருவர் இன்னொரு கோப்புப் பைத்தியத்தைப் பார்க்கும் பார்வை அது. அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கிய தாளில் அவருடைய கையொப்பமும் இருந்தது.

அவர் தன் புதிய குறிப்பை அன்று பிற்பகலே எழுதினார். கோப்பு என் கை வழியாகத்தான் தலைமைக் கந்தோருக்குப் போக வேண்டும், ஆகவே வாசித்தேன். ஐந்து வரி. முந்தைய மதிப்பீட்டை மீளப் பெறுகிறேன் என்று தொடங்கியது. கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன். அதை விண்ணப்பதாரருக்குச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. முடிவெடுக்கும் இடம் தலைமைக் கந்தோர். அவர்கள் கையொப்பமிடும்வரை அது வெறும் பரிந்துரை.

வீட்டில் கணவர் விடவில்லை. “இஞ்சேரும், என்ன எழுதினவராம்?”

“சொல்லேலாது.”

“எனக்குமோ?”

“உங்களுக்கெண்டு தனி விதி இல்லை.”

“நல்லதோ கெட்டதோ? அதையாவது சொல்லுமன்.”

“சோத்தைச் சாப்பிடுங்கோ.”

தலைமைக் கந்தோருக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. காமிஷிபாய் எந்தப் பிரிவு? புத்தகமா, நாடகமா, பொம்மலாட்டமா? புத்தகமென்றால் ஒரு குழு, நாடகமென்றால் வேறொரு குழு. நாடகப் பிரிவு நடிகர் இல்லை என்று திருப்பி அனுப்பியது. புத்தகப் பிரிவு பக்கங்கள் தைக்கப்படவில்லை என்று திருப்பி அனுப்பியது. கோப்பு எங்கே போகிறது, யார் மேசையில் தூங்குகிறது என்று நகர்வுப் பட்டியலில் வாரந்தோறும் பார்ப்பேன். மாதத்துக்கு ஒன்றாக நினைவூட்டல் அனுப்பினேன், ஒவ்வொன்றும் முந்தையதைவிட மரியாதையாக. மதிப்பீட்டு அலுவலர் இதற்கிடையில் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஜப்பான் அக்காவின் கடைசி மகள் ஆரம்பப் பள்ளியை முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள்.

“இனி என்னத்துக்கு?” என்று நான் அவரைக் கேட்டேன், அவருடைய மனதை அறிய.

“மகளுக்காகக் கேக்கேல்லையே” என்றார். “நான் உள்ளுக்குப் போகத்தான் கேட்டனான்.” புதிதாக ஒரு கதைக்கு மட்டை வெட்டிக்கொண்டிருந்தார். அதை வாரக்கடைசியில் அவருடைய முற்றத்தில் சொன்னபோது தெருப்பிள்ளைகளோடு நாங்களும் ரொபி வாங்கி முன்வரிசையில் இருந்தோம். முற்றத்துக்கு எந்த அனுமதியும் வேண்டியதில்லை. மாநகரசபை ஒழுங்குவிதிகளில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

கடைசியில் ஒருநாள் மாலை ரயிலில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது வேலிக்கு மேலால் ஒரு பழுப்பு உறை நீண்டது.

“நீங்கள் திறவுங்கோ.”

“விலாசத்தில இருக்கிற ஆள்தான் திறக்க வேணும்.”

“நீங்கள் ஒருக்காலும் திருந்தமாட்டியள்” என்று சொல்லிக்கொண்டே கிழித்தார். நின்றபடியே வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு கடிதத்தை என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் கீழே விரலை வைத்தார்.

“நான் ஒரு பள்ளிக்கூடம்தானே கேட்டனான்?”

“ஓம்.”

“இதில பிராந்தியத்தில இருக்கிற எல்லா ஆரம்பப் பள்ளிக்கூடமும் எண்டு போட்டிருக்கு.”

“ஓம்” என்றேன். “ரொபி கிடைக்காத ஆள் எழுதினது.”

“உங்களுக்கு முதலே தெரியுமோ?”

பதினேழு மாதம் வேலிக்கு இந்தப் பக்கமே நின்ற வார்த்தை அது. இப்போது சொல்லலாம், கடிதம் உரியவர் கையில் இருந்தது. “தெரியும்” என்றேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு சிரித்தார், உடுப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்குக் கேட்கும்படி. உறையின் மூலையில் பதிவறை வழக்கப்படி பெறப்பட்ட திகதியை எழுதித் தரச் சொன்னார். பேனாவை எடுத்து என் மிக அழகான கையெழுத்தில் எழுதினேன்: 1978 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.